டயமண்ட் பிளேட்டும் வெள்ளைத் தூசியும்

கடந்த தீபாவளி லீவில் ஒரு தோட்டத்து லயத்துப் பக்கம் போயிருந்தோம். தூரத்திலேயே காதைக் கிழிக்கிற சத்தம். கிட்டப் போனால் ஒரு வீட்டு வாசலிலிருந்து வெள்ளைப் புகை எழும்புகிறது. தீப்பிடித்துவிட்டதோ என்று பயந்தே போனோம். பிறகுதான் விஷயம் தெரிந்தது. கொழும்பில் கட்டட வேலை செய்கிற அந்த வீட்டுத் தம்பி, லீவுக்கு வந்த கையோடு, தண்ணீர்க் குழாய் பதிப்பதற்காகச் சுவரிலே காடி வெட்டிக்கொண்டிருக்கிறார். கையில் சின்ன கிரைண்டர், அதிலே டயமண்ட் பிளேட். வாயைச் சுற்றி ஒரு லேஞ்சி. தலைமயிர், புருவம், கண்ணிமை எல்லாம் கோதுமை மா பூசினது போல வெள்ளை. உள்ளே கட்டிலில் அப்பாயி இருமிக்கொண்டிருக்கிறார். வாசலில் இரண்டு சின்னப்பிள்ளைகள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

"என்னா தம்பி, தண்ணி ஊத்தி வெட்டக் கூடாதா?" என்று கேட்டோம்.

"கரண்டு மெசினுங்க. தண்ணி பட்டா ஆளையே அடிச்சிரும். சைட்லயும் இப்பிடித்தாங்க வெட்டுறோம், பழகிப் போச்சு. கொஞ்சம் தூசிதானே, சாயந்தரம் குளிச்சா போயிரும்" என்றார்.

அவர் சொன்னதில் ஒன்று சரி. சாதாரண கரண்டு கிரைண்டரில் தண்ணீர் படவே கூடாது. மற்றது மிகவும் பிழை. தோலிலே படிந்த தூசி குளித்தால் போகும். நெஞ்சுக்குள்ளே போன தூசி எந்தக் குளியலிலும் போகாது.

இன்று நமது தோட்டங்களிலிருந்து கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் கட்டட வேலைக்குப் போகிற பிள்ளைகள் நிறையப் பேர். முதலில் சீமெந்து குழைக்கத்தான் போகிறார்கள். கொஞ்ச நாளில் கையிலே கிரைண்டரைக் கொடுத்துவிடுகிறார்கள். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பது கிடையாது. ஆகவே கொங்கிரீட், கருங்கல், புளொக் கல், டைல் இவற்றையெல்லாம் டயமண்ட் பிளேட் எப்படி வெட்டுகிறது, வெட்டும்போது என்ன நடக்கிறது என்பதை இந்த இதழில் பாடமாகவே எழுதுகிறோம். வீட்டில் யாராவது இந்த வேலையில் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள்.

வெட்டுவதல்ல, அரைப்பது

கவ்வாத்துக் கத்தியின் வாயில் விரலை வைத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. ஆனால் கழற்றி வைத்திருக்கிற டயமண்ட் பிளேட்டின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். விரல் வெட்டாது. தச்சர் மரம் தேய்க்கிற சேன்ட்பேப்பர் போலச் சொரசொரவென்று இருக்கும், அவ்வளவுதான். அதற்குக் கூர் கிடையாது. பிளேட் என்று பேர் வைத்துவிட்டோம், உண்மையில் அது மிகவும் மெல்லிய ஒரு சாணைக்கல்.

நடுவில் இருப்பது வெறும் உருக்குத் தகடு. வேலை செய்வது ஓரத்தில் பல்வரிசை போல ஒட்டியிருக்கிற துண்டுகள்தான். கோபால்ட், செம்பு, தகரம், இரும்பு போன்ற உலோகங்களின் தூளோடு வைரப் பொடியைக் கலந்து, அழுத்திச் சூடாக்கி அந்தத் துண்டுகளைச் செய்கிறார்கள். பற்களுக்கு இடையில் இருக்கிற வெட்டு சும்மா அழகுக்கு அல்ல. காற்றும் தண்ணீரும் போய்ச் சூட்டைத் தணிக்கவும் அரைபட்ட தூள் வெளியே வரவும் அந்த வழி வேண்டும். டைல் வெட்டுகிற பிளேட்டில் மட்டும் ஓரம் தொடர்ச்சியாக இருக்கும். பல் இருந்தால் டைலின் விளிம்பு தெறித்துப் போகும்.

வைரமா, அவ்வளவு விலையுள்ள சாமானை எப்படிக் கல்லு வெட்டுவதற்குப் போடுகிறார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். இது நகைக்கடை வைரம் அல்ல. வைரமும் அடுப்புக்கரியும் அடிப்படையில் ஒரே பொருள்தான், இரண்டும் கார்பன். அந்தக் கார்பனை மிகப் பெரிய அழுத்தத்திலும் சூட்டிலும் வைத்து வைரமாக்கும் வழியை அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் ஆய்வுகூடத்தில் 1954 டிசம்பரில் கண்டுபிடித்தார்கள். இன்று பிளேட்களில் இருப்பது பெரும்பாலும் இப்படி ஆலையில் செய்த வைரம்தான். அதனால்தான் சாதாரண ஹாட்வெயார் கடையிலும் தொங்குகிறது.

இனி, அது எப்படி வேலை செய்கிறது? 9 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 6,600 தடவை சுற்றும். அந்த வேகத்தில் பிளேட்டின் ஓரம் செக்கனுக்கு 80 மீற்றர் ஓடுகிறது. மணிக்கணக்கில் பார்த்தால் 288 கிலோமீற்றர். நமது பதுளை ரயிலை நினைத்துப் பாருங்கள்! அவ்வளவு வேகத்தில் ஒவ்வொரு வைரத் துணுக்கும் கொங்கிரீட்டை ஒரு கீறு கீறிவிட்டுப் போகிறது. ஆயிரக்கணக்கான துணுக்குகள் கீறிக் கீறி, வழியில் இருந்த கொங்கிரீட் முழுவதையும் மாவாக்கிவிடுகின்றன. மரம் அறுத்தால் மரத்தூள் கீழே கொட்டும். இங்கே கல் மாவாகிறது.

வைரமும் தேயும். கல்லில் உரசி உரசி அதன் முனை மழுங்கிவிடும். அப்போது அதைப் பிடித்திருக்கிற உலோகமும் கொஞ்சம் தேய்ந்து கொடுத்து, பழைய வைரத்தை உதிர்த்துவிட்டு, உள்ளே இருக்கிற புது வைரத்தை வெளியே காட்ட வேண்டும். வைரம் மழுங்கி, உலோகம் தேயாமல் இருந்தால் பிளேட் வழவழவென்று ஆகிவிடும். சத்தம் போடும், தீப்பொறி பறக்கும், ஆனால் வெட்டாது. நமது தம்பிமார் அப்போது என்ன செய்கிறார்கள்? உடம்புப் பாரத்தை முழுவதும் போட்டு அழுத்துகிறார்கள். அது பிழை. அம்மி வழவழத்துப் போனால் எவ்வளவு அழுத்தி அரைத்தாலும் மசாலா அரைபடாது. அம்மியைக் கொத்த வேண்டும். பிளேட்டுக்கும் அப்படித்தான். மணல் கூடுதலாகப் போட்ட பொருபொருத்த புளொக் கல்லில் நாலைந்து தடவை வெட்டினால் உலோகம் தேய்ந்து புது வைரம் வெளியே வரும்.

இதிலே எல்லோரும் தலைகீழாக நினைக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. கடினமான கல்லுக்குக் கடினமான பிளேட் வேண்டும் என்று நினைக்கிறோம். இல்லை. கருங்கல் போன்ற கடினமான கல் வைரத்தைச் சீக்கிரம் மழுக்கிவிடும், ஆனால் அதன் நுண்ணிய தூள் உலோகத்தை அவ்வளவாகத் தேய்க்காது. ஆகவே மழுங்கிய வைரத்தை லேசில் உதிர்த்துவிடுகிற மெதுவான உலோகம் உள்ள பிளேட்தான் அதற்குச் சரி. புளொக் கல், புதுக் கொங்கிரீட், தார் ரோட்டு இவற்றில் வருகிற மணல் உலோகத்தை அரித்தே தின்றுவிடும். அவற்றுக்குக் கடினமான உலோகம் வேண்டும். ஆகவே கடையில் போய், "நல்ல பிளேட் ஒன்னு குடுங்க" என்று கேட்டால் போதாது. என்னத்தை வெட்டப் போகிறோம் என்று சொல்லிக் கேளுங்கள்.

தூசியின் கணக்கு

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 3 மில்லிமீற்றர் அகலம், ஓர் அங்குலம் ஆழம், ஒரு மீற்றர் நீளம். கொங்கிரீட்டில் இப்படி ஒரே ஒரு வெட்டு வெட்டினால், 170 கிராமுக்கு மேல் கல் தூளாகிறது. ஏறக்குறைய ஒரு 200 கிராம் தேயிலைத்தூள் பக்கற்றில் இருக்கிற அளவு. குழாய்க் காடிக்கு இரண்டு வெட்டு வேண்டும். அப்படியானால் இரண்டு பக்கற்.

அந்தத் தூளிலே என்ன இருக்கிறது? கொங்கிரீட் என்றால் சீமெந்து, மணல், சல்லிக்கல். கொழுந்து மலையில் காலில் இடறுகிற வெள்ளை வெளேரென்ற கல்லைப் பார்த்திருப்பீர்கள். இரண்டை எடுத்து இருட்டில் உரசினால் பொறி பறக்கும். அதுதான் குவார்ட்ஸ். ஆற்று மணலில் பெரும்பகுதி அந்தக் கல்தான். நமது நாட்டுக் கருங்கல் சல்லியிலும் அது உண்டு. குவார்ட்ஸ் என்பது சிலிக்கா. அதை மாவாக அரைத்தால் வருகிற மிக நுண்ணிய துகள்கள் நுரையீரலின் அடிப்பாகம் வரைக்கும் போய்த் தங்கிவிடுகின்றன. உடம்பு அவற்றைக் கரைக்கவும் முடியாமல் வெளியே தள்ளவும் முடியாமல், சுற்றிலும் தழும்பு கட்டுகிறது. தழும்பான இடம் பிறகு மூச்சுக்கு உதவாது. இதற்குச் சிலிக்கோசிஸ் என்று பேர். இதைக் குணமாக்கும் மருந்து இன்றுவரை கிடையாது. சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் லேசில் பிடிக்கும். சிலிக்காத் தூசி நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1997இல் வகைப்படுத்தியது.

கண்ணுக்குத் தெரிகிற தூசியைப் பார்த்துத்தான் நாம் பயப்படுகிறோம். அது மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும், துப்பிவிடலாம். ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாத தூசி. வெள்ளைப் புகை அடங்கின பிறகும் அது மணிக்கணக்காகக் காற்றிலே மிதந்துகொண்டிருக்கும். அமெரிக்காவில் கட்டட வேலைக்கு 2017இலிருந்து நடைமுறையில் உள்ள விதியின்படி, எட்டு மணி நேர வேலைக்குச் சராசரியாக ஒரு கன மீற்றர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் இந்தச் சிலிக்கா இருக்கக் கூடாது. மைக்ரோகிராம் என்று சொன்னால் விளங்காது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பரா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், உயரம் எட்டடி என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காம்பரா முழுவதற்கும் அனுமதிக்கிற அளவு, ஒரு சிட்டிகை உப்பில் நூறில் ஒரு பங்குகூட வராது. அந்தத் தம்பி இரண்டு தேயிலைப் பக்கற் தூளை வீட்டுக்குள்ளே பறக்க விட்டுக்கொண்டிருந்தார். அது எல்லாமே நுண்ணிய சிலிக்கா அல்லதான். ஆனால் அதிலே ஒரு சிறு பங்கே போதும்.

"பத்து வருஷமா வெட்டுறேன், ஒன்னும் ஆகலியே" என்பார்கள். இந்த நோயின் தந்திரமே அதுதான். சாதாரணமாகப் பத்து வருடங்களுக்குப் பிறகுதான் வெளியே காட்டும். தூசி மிக அதிகமாக இருந்தால் ஐந்து வருடத்திலும் வரும், சில மாதங்களிலும் வந்திருக்கிறது.

சில மாதங்களில் வந்த கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மேற்கு வேர்ஜீனியா மாநிலத்தில், கோலி பிரிட்ஜ் என்ற ஊருக்குப் பக்கத்தில், நீர்மின்சாரத்துக்காக 1930இல் மலையைக் குடைந்து ஹோக்ஸ் நெஸ்ட் என்ற சுரங்கப்பாதை வெட்டத் தொடங்கினார்கள். நமது மலைநாட்டுச் சுரங்கங்களைப் போலத்தான். வேலை தேடித் தெற்கு மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளரே அதில் பெரும்பாலானோர். உள்ளே இருந்த பாறையில் சிலிக்கா மிக அதிகம். தண்ணீர் விட்டுத் துளைத்தால் தூசி அடங்கும் என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்த விஷயம். ஆனால் காய்ந்த பாறையில் துளைத்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆகவே காயவே துளைத்தார்கள். மேற்பார்வைக்கு வந்தவர்கள் முகமூடி போட்டுக்கொண்டு வந்தார்கள், தொழிலாளருக்குக் கொடுக்கவில்லை என்று பிற்பாடு விசாரணையில் சாட்சி சொல்லப்பட்டது. 1936இல் நடந்த காங்கிரஸ் விசாரணை செத்தவர்கள் 476 பேர் என்றது. 1986இல் வெளிவந்த ஆய்வு 764 பேர் என்று கணித்தது. ஊரை விட்டுப் போய்ச் செத்தவர்களை எண்ணுவது லேசல்ல. அவர்கள் வந்த ஊருக்கே திரும்பிப் போய், அங்கே இருமி இருமிச் செத்தார்கள்.

அது பழைய காலம் என்று நினைக்க வேண்டாம். சமையலறை மேசைக்குப் போடுகிற செயற்கைக் குவார்ட்ஸ் பலகையை வெட்டி வெட்டி இளவயதுக்காரர் பலர் சிலிக்கோசிஸில் விழுந்தபடியால், அவுஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகையையே தடை செய்தது. சில பலகைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சிலிக்கா.

தண்ணீர்

தூசியை அடக்குவதற்குத் தண்ணீரைப் போல வேறொன்றில்லை. பிளேட்டும் சூடாகாமல் நெடுநாள் வரும். பற்களைப் பற்றவைத்திருக்கிற சில பிளேட்களைத் தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் பற்று இளகிப் பல் தெறித்துவிடும். அவற்றின் மேலே ஈரமாக மட்டுமே வெட்டவும் என்று போட்டிருக்கும், கவனித்து வாங்குங்கள்.

ஆனால் எந்த மெசினில் தண்ணீர் விடலாம்? பெற்றோலில் ஓடுகிற 14 அங்குலக் கட்டரில் தண்ணீர்க் குழாய் மாட்டுவதற்கு இடம் இருக்கும். அது ஐந்து அங்குலம் ஆழம் வரை வெட்டும், ரோட்டு, சிலாப் வேலைக்கு அதுதான். நிமிடத்துக்கு அரை லீற்றர் தண்ணீராவது பிளேட்டில் பட வேண்டும் என்று பிரித்தானியச் சுகாதாரப் பாதுகாப்பு நிர்வாகம் சொல்கிறது. சைட்டில் பைப் இல்லை என்பார்கள். முதுகில் போடுகிற 16 லீற்றர் மருந்தடிக்கிற டாங்கி அரை மணி நேரத்துக்குப் போதும். நமது ஆட்களுக்கு அதை அடிக்கப் பழக்க வேண்டுமா என்ன! ஒன்று மட்டும். புல்லுக்கு மருந்தடித்த பழைய டாங்கியை எடுக்காதீர்கள். மிச்சம் இருக்கிற மருந்து சாரலாகப் பறந்து உங்கள் மூஞ்சியிலேயே விழும். புது டாங்கி வேண்டும் என்று பாஸிடம் கேளுங்கள். பெற்றோல் மெசினை மூடிய அறைக்குள் ஓட்டவும் கூடாது. புகையிலே மயங்கி விழுந்தால் தூக்கிவிட ஆள் இருக்காது.

கரண்டு மெசினில், தண்ணீரோடு ஓடவென்றே செய்யப்பட்ட டைல் கட்டர், மார்பிள் கட்டர் உண்டு. அவற்றையும் 30 மில்லிஅம்பியர் டிரிப் சுவிட்ச் வழியாகத்தான் ஓட்ட வேண்டும், ஒட்டுப் போட்ட வயர் ஆகாது. வேலை தொடங்குமுன் டிரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அமர்த்திப் பாருங்கள். விழாவிட்டால் அன்றைக்கு அந்த லைனில் வேலை வேண்டாம்.

சாதாரண கிரைண்டருக்குத் தண்ணீர் கிடையாது. அதற்கு ஒரு உறை மாட்டி, தூசி உறிஞ்சுகிற மெசினோடு இணைக்கலாம். பெரிய சைட்களில் கேட்டால் கிடைக்கும். எதுவும் இல்லை என்றால் கிரைண்டரை ஓரமாக வைத்துவிடுவதுதான் புத்தி. அந்த லயத்துத் தம்பிக்கும் நாங்கள் அதைத்தான் சொன்னோம். மெசினை ஓரமாக வைத்து, சுவரை நன்றாக நனைத்து ஊறவிட்டு, உளியும் சுத்தியலும் எடுத்தார். நாங்களும் ஆளுக்குக் கொஞ்சம் தட்டினோம். காலையில் அரை மணியில் முடிகிற வேலை பின்னேரம் வரைக்கும் இழுத்தது. அப்பாயி அதற்குள் எங்களுக்கு இரண்டு தடவை தேத்தண்ணி கொடுத்துவிட்டார்.

லேஞ்சியும் துணி முகமூடியும் இந்தத் தூசிக்குச் சல்லடையால் தண்ணீர் பிடிக்கிற கதைதான். கொரோனா காலத்தில் எல்லோரும் பார்த்த என்-95 முகமூடியாவது வேண்டும். அதுவும் முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். தாடி இருந்தால் பக்கத்தால் காற்று புகும்.

வெட்டி முடிந்ததும் கிடக்கிற சேறு காய்ந்தால் திரும்பவும் அதே தூசிதான். ஈரமாக இருக்கும்போதே வழித்து அள்ளுங்கள், விளக்குமாற்றால் கூட்டாதீர்கள். சீமெந்துச் சேறு தோலையும் அரிக்கும். கண்ணில் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவ வேண்டும்.

கை, கால், உயிர்

தூசி மெதுவாகக் கொல்லும். பிளேட் ஒரு செக்கனில் செய்துவிடும். பிளேட்டின் மேலே எழுதியிருக்கிற வேகம் மெசினின் வேகத்தைவிடக் குறையக் கூடாது. சின்ன 4½ அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 தடவை சுற்றும். ஆழம் போதவில்லை என்று உறையைக் கழற்றிவிட்டு அதிலே 7 அங்குல பிளேட்டை மாட்டுகிற பழக்கம் பல சைட்களில் இருக்கிறது. அப்போது ஓரம் செக்கனுக்கு 100 மீற்றருக்கு மேல் ஓடும். பிளேட் தாங்குகிற 80ஐத் தாண்டிவிட்டது, உறையும் இல்லை. இதைச் செய்யச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் முடியாது என்று சொல்லுங்கள். வேலை போனால் வேறு வேலை தேடலாம்.

வெட்டுகிற சிலாப்பின் இரண்டு பக்கமும் தாங்கல் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நடுவில் தொங்குகிற துண்டை மேலிருந்து வெட்டினால், பாரத்தில் வெட்டு மூடிப் பிளேட்டைக் கவ்விக்கொள்ளும். மெசின் அப்படியே ஆளை நோக்கித் துள்ளும். பிளேட்டுக்கு நேராக ஒருபோதும் நிற்க வேண்டாம், பக்கவாட்டில் நில்லுங்கள். வெட்டுக்குள்ளே பிளேட்டைத் திருப்பி வளைவு எடுக்கப் பார்க்கவும் வேண்டாம். கொழும்பு பலமாடிக் கட்டடங்கள் சிலவற்றில் சிலாப்புக்குள்ளே இழுத்துக் கட்டிய கேபிள் ஓடும். அதை வெட்டினால் துப்பாக்கிக் குண்டு போலத்தான். இஞ்சினியர் கோடு போட்டுக் கொடுக்காமல் அங்கே கை வைக்காதீர்கள்.

வேலை உடுப்போடு பஸ் ஏறி வீட்டுக்கு வருகிறவர்கள் உண்டு. அதை லயத்துக்குள்ளே உதறினால் மனைவி பிள்ளைகளும் அதே தூசியைத்தான் மூச்சு வாங்குவார்கள். வேலை உடுப்பை அங்கேயே கழற்றி, பையில் கட்டி, பீலியடியில் தண்ணீரில் போட்ட பிறகுதான் பிரிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது, இருமல் விடாமல் இருக்கிறது என்றால் டாக்டரிடம் போகும்போது வெறுமனே "இருமல்" என்று சொல்லிவிட்டு மருந்து வாங்கிக்கொண்டு வராதீர்கள். "நான் இத்தனை வருஷமாகக் கொங்கிரீட் வெட்டுகிறேன், தண்ணீர் இல்லாமல் வெட்டினேன்" என்று நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டாக்டர் ஆஸ்துமா என்றோ டீ.பி. என்றோதான் நினைப்பார். நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், முன்பு எடுத்த படத்தையும் கொண்டு போங்கள். ஒரு கொப்பி வைத்து, எந்த சைட்டில், யாரிடம், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, என்ன மெசினில் வேலை செய்தீர்கள் என்று எழுதி வாருங்கள். டாக்டருக்கும் அது உதவும். பின்னொரு நாள் நட்டஈடு கேட்க வேண்டி வந்தால், கையில் இருக்கப் போவதும் அந்தக் கொப்பிதான்.